மங்கிய வெளிச்சத்தில் மனிதர்களைப் படமெடுக்க: கேமராவில் எதை முதலில் தீர்மானிப்பது?

மும்பையில் உச்சி வெயிலில் மரைன் டிரைவ் ஓரமாக நிற்கும் ஒருவர்மீது விழும் வெளிச்சம், அவரே இரவு எட்டு மணிக்குச் செம்பூரில் தம் வீட்டு ஹாலில் ஒற்றை ட்யூப்லைட்டின் கீழ் உட்கார்ந்திருக்கும்போது விழுவதைப் போல ஐந்நூறிலிருந்து ஆயிரம் மடங்கு வரை இருக்கும். நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாக உறைப்பதில்லை. பாவை விரிந்து கொடுக்கிறது, விழித்திரை மெல்லப் பழகிக்கொள்கிறது, மிச்சத்தை மூளை ஈடுகட்டிவிடுகிறது. ஹால் நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கேமராவுக்கு இந்தச் சமாளிப்பு கிடையாது. குறைந்துபோன வெளிச்சத்துக்கு ஈடாக அது எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்று நாம் சொல்லாவிட்டால் அதுவே முடிவெடுத்துக்கொள்ளும். அந்த முடிவு மனிதர்களைப் படமெடுப்பதற்குப் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை.

கூடவே வரும் கிட் லென்ஸுடன் ஒரு கேமரா வாங்கி, பகலில் வெளியே நல்ல படங்கள் எடுத்துப் பழகி, வீட்டு விசேஷம் ஒன்றில் மட்டும் எல்லாம் கலங்கலாக வந்ததைப் பார்த்துத் திகைத்து நிற்கும் வாசகருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ என்ற மூன்று பெயர்களையும் அவர் கேள்விப்பட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, லென்ஸின் துவாரம் எவ்வளவு அகலமாக இருக்கிறது என்ற இரண்டும் சென்சாரை அடையும் வெளிச்சத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. வந்து சேர்ந்த வெளிச்சத்தை எந்த அளவுக்குப் பெருக்கிக் காட்டுவது என்பதை ஐஎஸ்ஓ தீர்மானிக்கிறது. வெளிச்சம் இரு மடங்காவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். அந்தக் கணக்கில் மரைன் டிரைவுக்கும் செம்பூர் ஹாலுக்கும் இடையே உள்ள தூரம் ஒன்பது அல்லது பத்து ஸ்டாப். இந்தப் பத்து ஸ்டாப்பை மூன்று பேருக்கும் எப்படிப் பங்கிட்டுக் கொடுப்பது என்பதே நம் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பவர் எவ்வளவு அசைகிறார் என்பதைப் பார்த்து ஷட்டர் வேகத்தை முதலில் நிர்ணயிக்க வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு அருகில் என்பதைப் பார்த்து அப்பர்ச்சரை அடுத்ததாக நிர்ணயிக்க வேண்டும். மீதிப் பாக்கி எவ்வளவானாலும் அதை ஐஎஸ்ஓ கட்டட்டும் என்று விட்டுவிட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஐஎஸ்ஓ ஏறினால் படம் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை 400இல் நிறுத்திவைத்துவிட்டு, ஷட்டர் 1/10 வினாடிக்கு இறங்கிப் போவதைக் கவனிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

படம் கலங்கியது எதனால்?

அமைப்புகளைத் தொடுவதற்கு முன், கெட்டுப்போன பழைய படம் ஒன்றைக் கணினித் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. ‘ஷேக் ஆகிவிட்டது’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் மூன்று வெவ்வேறு கோளாறுகள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆளும் கலங்கி, பின்னால் இருக்கும் சுவரில் மாட்டிய காலண்டரின் எழுத்தும் அதே திசையில் இழுபட்டிருந்தால், அசைந்தது எடுத்தவரின் கை. காலண்டரின் தேதி பளிச்சென்று படிக்க முடிகிறது, ஆனால் குழந்தையின் கையும் முகமும் மட்டும் கரைந்திருக்கின்றன என்றால், அசைந்தது குழந்தை. எதுவுமே இழுபடவில்லை, ஆனால் பாட்டியின் காதுத் தோடு துல்லியமாகவும் கண்கள் மங்கலாகவும் இருக்கின்றன என்றால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

இந்தப் பாகுபாடு தெரியாததால் ஏற்படும் செலவுகள் கொஞ்சநஞ்சமல்ல. லென்ஸிலோ கேமராவின் உள்ளேயோ இருக்கும் அசைவு தாங்கும் வசதி, அதாவது ஸ்டெபிலைசேஷன், முதல் வகைக் கோளாறுக்கு மட்டுமே உதவும். அந்த வசதி உள்ள லென்ஸைக்கொண்டு 1/8 வினாடியில்கூடக் கொலுப்படியைத் துல்லியமாக எடுத்துவிடலாம். அதன் முன்னே நின்று பேசும் பெண்மணியின் உதடுகள் அந்த 1/8 வினாடியில் எங்கோ போய்விட்டிருக்கும். ட்ரைபாடும் அப்படித்தான். அது கேமராவைப் பிடித்து நிறுத்துமே தவிர, மனிதர்களை நிறுத்தாது.

ஷட்டர்: மனிதர்களின் வேகம்

கேமராவுக்காக அமர்ந்து புன்னகைக்கும் ஒருவருக்கு 1/60 வினாடி போதும். அவர் பக்கத்தில் இருப்பவருடன் பேசிக்கொண்டிருந்தால், தலையும் கையும் தம்மை அறியாமலே அசைந்துகொண்டிருக்கும் என்பதால், 1/100 அல்லது 1/125 வேண்டும். நடந்து வருபவருக்கு 1/200. ஓடும் குழந்தைக்கும் ஆடும் பெண்ணுக்கும் 1/400க்குக் கீழே இறங்கினால் கைகால்கள் கரையத் தொடங்கும். இவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; ஆட்டத்திலும்கூட ஒரு முத்திரையிலோ அடவின் முடிவிலோ உடல் கணநேரம் நிலைத்து நிற்கும், அந்தக் கணத்தைப் பிடிக்கத் தெரிந்தவர் 1/160இலும் எடுத்துவிடுவார்.

கை அசைவுக்கென்று பழைய விதி ஒன்று உண்டு. லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணைப் பகுதியாக வைத்துக்கொண்டு, அந்த வேகத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பது. 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50, ஏபிஎஸ்-சி வகைச் சிறிய சென்சார் கொண்ட கேமராவாக இருந்தால் அதை ஒன்றரை மடங்காக்கி 1/80 என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன மனிதர்களுக்கான வேகம் பெரும்பாலும் இந்த விதியைத் தானாகவே நிறைவேற்றிவிடும் என்பதால், அறைக்குள் இதைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டிய சந்தர்ப்பம் குறைவு.

ஆனால் நம் ஊர் மின்சாரத்தைப் பற்றிக் கட்டாயம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. இந்தியா முழுவதும் வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்தை எட்டுவதால், சோக் போட்ட பழைய ட்யூப்லைட்டும், உள்ளே மலிவான சுற்று வைத்த எல்இடி விளக்கும் வினாடிக்கு 100 முறை பிரகாசித்து மங்குகின்றன. கண்ணுக்கு இது தெரிவதில்லை. ஷட்டர் 1/100 வினாடி திறந்திருந்தால் ஒரு முழுத் துடிப்பும், 1/50 திறந்திருந்தால் இரண்டு முழுத் துடிப்பும் படத்துக்குள் வந்துவிடும். எந்தக் கணத்தில் எடுத்தாலும் வெளிச்சம் ஒரே அளவுதான். 1/250 என்று வைத்தாலோ, துடிப்பின் ஒரு துண்டு மட்டுமே அகப்படும். அது உச்சமாக இருந்தால் படம் வெளிச்சமாகவும், இறக்கமாக இருந்தால் இருட்டாகவும் பழுப்பேறியும் வரும். சில படங்களில் மேல்பாதி ஒரு நிறத்திலும் கீழ்பாதி வேறொரு நிறத்திலும் இருக்கும். கேமராவில் ஏதோ பழுது என்று சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே மின்சாரம் 60 சுழற்சி என்பதால், 1/60, 1/120 ஆகியவை பாதுகாப்பான வேகங்களாகச் சொல்லப்படுகின்றன. மும்பையிலோ சென்னையிலோ எடுப்பவருக்கு அந்த இடத்தில் 1/50, 1/100 என்று இருக்க வேண்டும். நம் வீட்டு விளக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எளிய வழி, செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோவைப் போட்டு விளக்கை நோக்கிச் சில வினாடிகள் பிடிப்பதுதான். திரையில் விளக்கு படபடவென்று துடித்தால் 1/50, 1/100 ஆகியவற்றை விட்டு நகராமல் இருப்பது நல்லது. சீராக எரிந்தால் எந்த வேகமும் சரி. துடிக்கும் விளக்கின் கீழ் ஓடும் குழந்தையை எடுத்தே ஆக வேண்டுமென்றால், 1/400இல் தொடர்ச்சியாக ஐந்தாறு படங்கள் எடுத்து, அவற்றில் வெளிச்சம் சரியாக விழுந்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம். அண்மைக் காலக் கேமராக்கள் பலவற்றில், துடிப்பின் உச்சத்தை அறிந்து அந்தக் கணத்தில் ஷட்டரைத் திறக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி இருக்கிறது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை வீட்டுக்குள் அணைத்து வைப்பது உத்தமம். பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிவரியாகப் படிக்கின்றன. துடிக்கும் விளக்கின் கீழ் அது படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகளை இழுத்துவிடும்.

அப்பர்ச்சரும் லென்ஸும்

எஃப் என்று சேர்த்துச் சொல்லப்படும் அப்பர்ச்சர் எண் சிறியதாக இருந்தால் துவாரம் பெரியது. 5.6இலிருந்து 4, 4இலிருந்து 2.8, 2.8இலிருந்து 2 என்று இறங்கும் ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் இரட்டிக்கும். அதனால் எஃப் 2, எஃப் 5.6ஐப் போல எட்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸில் 3.5-5.6 என்று எழுதியிருப்பார்கள். 18இல் வைத்தால் துவாரம் 3.5 வரை திறக்கும், 55க்கு ஜூம் செய்தால் 5.6க்கு மேல் திறக்காது என்பது அதன் பொருள். முகத்தைப் பெரிதாக எடுக்க வேண்டும் என்று ஜூம் செய்யும் அந்தக் கணத்திலேயே, சொல்லாமல் கொள்ளாமல், வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆகவே கிட் லென்ஸ் மட்டுமே கையில் இருப்பவர், ஜூம் செய்வதற்குப் பதில் அகலப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரடி முன்னே செல்வது லாபம். மிக அருகே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதால், முகத்தை மட்டும் எடுக்காமல் இடுப்பு வரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

செலவு செய்ய முடிந்தவர்கள் அதைக் கேமராவில் போடாமல் ஒரு எஃப் 1.8 லென்ஸில் போடலாம் என்பது என் திடமான கருத்து. ஜூம் இல்லாத 50 மி.மீ. லென்ஸ்தான் எல்லோரும் முதலில் சிபாரிசு செய்வது; ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளின் பட்டியலிலும் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்றாக இருப்பதும் அதுதான். மும்பை வீடுகளுக்கு நான் அதைச் சற்றுத் தயக்கத்துடன்தான் சொல்வேன். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், 75 அல்லது 80 மி.மீ. லென்ஸின் பார்வையைத் தருகிறது. சோபாவில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரை அதில் அடக்க வேண்டுமென்றால், ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டின் ஹாலில் பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் வாசல் கதவைத் திறந்து லிஃப்ட் அருகே போய் நிற்க வேண்டிவரும். 35 மி.மீ. லென்ஸ் அந்த வீடுகளுக்காகவே செய்ததுபோல் பொருந்துகிறது.

துவாரத்தை முழுவதும் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. துவாரம் பெரிதாகப் பெரிதாக, துல்லியமாகத் தெரியும் ஆழம் சுருங்கிக்கொண்டே போகும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தை ஏபிஎஸ்-சி கேமராவில் எடுத்தால், அந்த ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர்தான். சற்றே பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் அருகிலுள்ள கண் தெளிவாகவும் மறுபக்கக் காது மங்கலாகவும் இருக்கும்; ஃபோகஸ் மூக்கு நுனியில் விழுந்துவிட்டால் கண்ணும் போய்விடும். ஒற்றை ஆளுக்கு எஃப் 2 அல்லது 2.2 எனக்குப் பிடித்த சமரசம். அருகருகே இருக்கும் இரண்டு பேருக்கு 2.8. வளைகாப்பில் பெண்கள் இரண்டு வரிசையாக நிற்கும் குழுப் படத்துக்கு எஃப் 4, 35 மி.மீ. லென்ஸில் மூன்று மீட்டர் தள்ளி நின்று அப்படி எடுத்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழம் கிடைக்கும், இரண்டு வரிசையும் அதற்குள் அடங்கும். குழுப் படத்துக்கு எல்லோரும் அசையாமல் நிற்பார்கள் என்பதால் ஷட்டரை 1/50க்கு இறக்கி, அப்பர்ச்சரில் இழந்ததில் ஒரு பகுதியை அங்கே மீட்டுக்கொள்ளலாம்.

ஃபோகஸை எங்கே வைப்பது என்பதைக் கேமராவின் விருப்பத்துக்கு விடக் கூடாது. மிரர்லெஸ் கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதை இயக்கிவிட்டால் போதும். கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அருகிலுள்ள கண்ணின்மீது வைக்க வேண்டும். வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும்போது நடுப்புள்ளியே நம்பகமானது. ஓரப் புள்ளிகள் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். வழவழப்பான கன்னத்தில் பிடிக்காத ஃபோகஸ், புருவத்தின் ஓரத்திலோ மூக்குக் கண்ணாடியின் சட்டத்திலோ உடனே பிடித்துவிடும், ஏனென்றால் ஆட்டோஃபோகஸ் தேடுவது கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் விளிம்பைத்தான்.

ஐஎஸ்ஓ பற்றிய அச்சம்

ஃபிலிம் காலத்தில் 400 என்பதே வேகமான ஃபிலிம். டிஜிட்டலின் ஆரம்ப ஆண்டுகளிலும் 800க்கு மேல் போனால் படம் முழுவதும் மணல் தூவியதுபோல் இருக்கும். 2007இல் நிக்கான் டி3 வெளிவந்து, 6400ஐச் சாதாரண வரம்புக்குள்ளேயே கொடுத்தபோது செய்திப் புகைப்படக்காரர்கள் வியந்தார்கள். இன்று ஆரம்ப நிலை ஏபிஎஸ்-சி கேமராக்களில்கூட 3200 தாராளமாகப் பயன்படும். 6400ஐச் செல்போன் திரையிலோ சிறிய அச்சுப் படத்திலோ பார்ப்பவர்கள் குறை சொல்லமாட்டார்கள். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் இன்னும் ஒரு ஸ்டாப் கூடுதலாகவே போகலாம். ஐஎஸ்ஓ அச்சம் சூழ்நிலை மாறிய பிறகும் மாறாமல் நிற்கும் பழைய பழக்கம்.

இதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மணல் தூவியதுபோல் தெரியும் அந்தப் புள்ளிகளுக்கு முதல் காரணம் சென்சாரை வந்தடைந்த வெளிச்சம் குறைவு என்பதுதான். ஐஎஸ்ஓ எண் அந்தக் குறைவை வெளியே காட்டுகிறது. அதனால்தான், 800இல் இருட்டாக ஒரு படத்தை எடுத்துவிட்டு, பிறகு கணினியில் இரண்டு ஸ்டாப் ஏற்றினால், 3200இல் சரியாக எடுத்த படத்தைவிட அது சுத்தமாக இருக்கும் என்பது நடப்பதில்லை. பல கேமராக்களில் அது இன்னும் மோசமாக, நிழல்களில் ஊதாவும் பச்சையும் கலந்த திட்டுகளுடன் வரும். ஐஎஸ்ஓவைத் துணிந்து ஏற்றி, எடுக்கும்போதே முகத்தைப் போதிய வெளிச்சத்தில் பதிவு செய்துவிட வேண்டும். புள்ளி விழுந்த படத்தைச் சுத்தப்படுத்த இன்று நல்ல மென்பொருள்கள் வந்துவிட்டன. கரைந்துபோன முகத்தை மீட்டுத் தருவது அப்படி எளிதில் நடக்கிற காரியமல்ல.

இதையெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் யோசித்துக்கொண்டிருந்தால் விசேஷம் முடிந்துவிடும். கேமராவை எம் என்ற மேனுவல் நிலைக்குத் திருப்பி, ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாமே வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு, அதன் உச்ச வரம்பை மெனுவில் 6400 என்று குறித்துவிடுவதே நான் பரிந்துரைக்கும் அமைப்பு. மேனுவல் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இந்த அமைப்பில் எக்ஸ்போஷர் கணக்கை, அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்ற கணக்கை, கேமராதான் போடுகிறது. அப்பர்ச்சரை நாம் வைத்து ஷட்டரைக் கேமராவிடம் விடும் அப்பர்ச்சர் முன்னுரிமை நிலையில் பழகியவர்கள், ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/100 என்று வைத்தும் இதே பலனைப் பெறலாம். அந்த வரம்பைக் குறிக்காமல் விட்டால், சில கேமராக்கள் தம் போக்கில் 1/30க்கு இறங்கிவிடும்.

கொலு வீடு ஒன்றில்

மாட்டுங்காவில் நவராத்திரி மாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹாலின் ஒரு சுவரை ஒட்டி ஏழு படிக் கொலு. படிகளைச் சுற்றி மினுக்கும் சீரியல் பல்பு, கீழே குத்துவிளக்கு, எதிர்ச்சுவரில் ட்யூப்லைட். பாட்டி பாயில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார். பட்டுப்பாவாடை கட்டிய பேத்தி சுண்டல் கிண்ணத்துடன் உள்ளும் வெளியுமாக ஓடுகிறாள்.

பாடும் பாட்டிக்கு 1/100, 35 மி.மீ. லென்ஸில் எஃப் 2.2. ட்யூப்லைட் எரியும்போது அப்படிப்பட்ட அறையில் கேமரா தானாகத் தேர்ந்தெடுக்கும் ஐஎஸ்ஓ 800க்கும் 1600க்கும் நடுவில் எங்காவது இருக்கும். அது 1600 என்று வைத்துக்கொண்டால், அதே இடத்தில், அதே 1/100 வினாடியில், கிட் லென்ஸை 18இல் வைத்தால் 4000க்கு அருகிலும், 55க்கு ஜூம் செய்தால் பத்தாயிரத்துக்கு அருகிலும் போக வேண்டியிருக்கும். 6400 என்று வரம்பு வைத்திருந்தால் படம் சற்று இருட்டாக வரும். லென்ஸ் வாங்குவது ஏன் லாபம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

இப்போது ட்யூப்லைட்டை அணைத்துவிடலாமா? அணைத்தால் குத்துவிளக்கின் மஞ்சள் ஒளி பாட்டியின் முகத்தில் ஒரு பக்கமாக விழும், பின்னால் பொம்மைகள் சீரியல் பல்பில் மின்னும். படத்தின் அழகு வேறு தளத்துக்குப் போய்விடும். ஐஎஸ்ஓ 6400ஐத் தொட்டுவிடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. பாட்டியை விளக்குக்கு ஓரடி நெருங்கி உட்காரச் சொன்னால் அந்த விலை வெகுவாகக் குறையும்; சிறிய சுடருக்கும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் பாதியானால், முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகிவிடுகிறது. எந்த லென்ஸும் இவ்வளவு மலிவாக இரண்டு ஸ்டாப்பைக் கொடுக்காது. புடவைத் தலைப்பைச் சொருகிக்கொள்ளச் சொல்ல மறக்கக் கூடாது.

பேத்தியின் விஷயம் வேறு. ஓடும்போது அவளைப் பிடிக்க 1/400 வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அது ஐஎஸ்ஓவை இன்னும் இரண்டு ஸ்டாப் ஏற்றிவிடும், விளக்குத் துடிப்பும் குறுக்கே வரும். அவள் கிண்ணத்தை நீட்டுவதற்காக ஒருவர் முன் நிற்கும் கணத்துக்குக் காத்திருந்து 1/100இலேயே எடுப்பது எளிது. மனிதர்கள் எப்போது நிற்பார்கள் என்று ஊகிப்பதும் இந்த வெளிச்சத்தில் ஒரு கேமரா அமைப்புதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கேமரா தரும் எக்ஸ்போஷரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் கூடாது. எந்தக் காட்சியையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே அது முயலும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் தாத்தாவை எடுத்தால், சுவரையும் வேட்டியையும் சாம்பலாக்கும் முயற்சியில் அவர் முகம் கறுத்துப் போகும். கேமராவின் கணக்கைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பிளஸ் 1 வரை ஏற்ற வேண்டும். சயானில் உள்ள ஷண்முகானந்தா ஹால் போன்ற அரங்கில், அனுமதி பெற்று மேடையை எடுப்பவருக்கு நேர் எதிரான சிக்கல்: பின்னால் இருப்பதெல்லாம் கறுப்பு என்பதால் கேமரா எல்லாவற்றையும் ஏற்றி, பாடகரின் முகத்தை வெளிறச் செய்துவிடும், அங்கே மைனஸ் 1. மாநிறமும் கறுப்பும் கொண்ட நம் முகங்களைச் சட்டகம் நிறைய எடுக்கும்போதும் இதே காரணத்தால் தேவைக்கு மேல் வெளுத்து வருவதுண்டு. கறுத்த முகத்தை அதன் இயல்பான நிறத்திலேயே, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒளி மின்னும்படி பதிவு செய்வதுதான் சரியான எக்ஸ்போஷர்; வெளுப்பாக்குவதைத் திருத்தம் என்று நினைக்கும் ஸ்டூடியோப் பழக்கம் ஒழிய வேண்டும். எம் நிலையும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சேரும்போது இந்தக் காம்பன்சேஷன் வேலை செய்யாத சில ஆரம்ப நிலைக் கேமராக்கள் உண்டு. அவற்றில் ஒரு சோதனைப் படம் எடுத்து, ஐஎஸ்ஓவையும் கையாலேயே வைத்துவிடலாம். வீட்டு விளக்கு வெளிச்சம் மாலை முழுவதும் மாறப்போவதில்லை.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் கூல் டேலைட் விளக்கு சுமார் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு; எண் குறையக் குறைய நிறம் மஞ்சளாகும்), மஞ்சள் பல்பு 2700 அல்லது 3000, எண்ணெய் விளக்கின் சுடர் 2000க்கு அருகில். ஒரே ஒரு வகை விளக்கு எரிந்தால் விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் ஓரளவு சமாளிக்கும். இரண்டு வகை கலந்து, முகத்தின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சுமாக விழும்போது எந்த அமைப்பும் உதவாது. ஒன்றை அணைத்துவிட வேண்டும். சென்சார் பதிவு செய்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் நிறத்தைப் பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம், ஜேபெக்கில் அந்த இடம் மிகக் குறைவு.

ஃப்ளாஷ் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: கேமராவின் தலையில் திறந்துகொள்ளும் சிறு ஃப்ளாஷ், முகத்தைத் தட்டையாக்கி, நெற்றியில் எண்ணெய் வழிவதுபோல் பளபளப்பைக் கொடுத்து, பின்சுவரில் கறுப்பு நிழலை ஒட்டிவிடுகிறது. அதைப் போடுவதைவிட ஐஎஸ்ஓ 6400 மேல். தனியாக மாட்டும் ஃப்ளாஷ் இருந்தால், அதன் தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்தால், கூரை முழுவதும் ஒரு பெரிய விளக்காகி மென்மையான ஒளியை இறக்கும். ஃப்ளாட்டுகளின் தாழ்வான கூரை இதற்கு மிகவும் தோது. அப்போதும் ஐஎஸ்ஓவை 800இலும் ஷட்டரை 1/50இலும் வைத்தால்தான் அறையின் இயல்பான வெளிச்சமும் படத்தில் கலந்து வரும். ஐஎஸ்ஓ 100, 1/200 என்று வைத்தால் ஆள் மட்டும் வெளிச்சமாகவும் அறை குகையாகவும் தெரியும்.

பகல் விசேஷங்களில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஆளைச் சன்னலோரம் அழைத்து வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழை மேகம் கவிந்த மும்பை வானம் சன்னல் வழியே அனுப்பும் ஒளியைவிட முகத்துக்கு இதமானது கிடையாது. அறையின் நடுவே இருப்பதைப் போலப் பல மடங்கு வெளிச்சமும் அங்கே இருக்கும், ஐஎஸ்ஓ 200, 400 என்று இறங்கிவிடும். சன்னலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தாமல், பக்கவாட்டில் சன்னல் இருக்கும்படி உட்கார வைக்க வேண்டும். கிரில்லில் துணி காய்ந்துகொண்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். சிவப்புத் துண்டு ஒன்று முகத்தில் ஏற்றும் நிறத்தை வொயிட் பேலன்ஸால் திருத்த முடியாது.

செல்போனிலும் இதே தர்க்கம்தான், நாம் மாற்றக்கூடிய அமைப்புகள் குறைவு என்பதைத் தவிர. பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாது. ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டுமே நம் கட்டுப்பாட்டில். நைட் மோட் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குவதால், அசையாத கொலுவுக்கு அது அற்புதம், பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு ஆகாது. ஆள் இருக்கும் படத்துக்கு அதை அணைத்துவிட்டு, அமைப்புகளை நாமே வைக்கும் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைக்கலாம். 2எக்ஸ், 3எக்ஸ் பொத்தான்களைத் தொடாமல் 1எக்ஸிலேயே இருந்து நடந்து நெருங்குவது நல்லது. போனின் முதன்மைக் கேமராவுக்குத்தான் பொதுவாகப் பெரிய சென்சாரும் அகலமான துவாரமும் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் பல போன்கள் தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி கேமராவை இயக்காமல், முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுகின்றன. படமெடுக்கும் முன் லென்ஸ்மீது படிந்திருக்கும் விரல் எண்ணெயை வேட்டி நுனியாலாவது துடைத்துவிட வேண்டும். விளக்குச் சுடரைச் சுற்றிப் புகைபோல் பரவும் வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.